மூட்டை மாற்றிக்கொண்டவர்

மார்ச் 3, திங்கள்

அக்காவுக்கு,

நேற்று போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று அரை மணி நேரம் கழித்து அனுப்பிய செய்தி பொய். உனக்கும் தெரிந்திருக்கும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி வைத்துவிடுவேனோ என்று பயமாக இருப்பதால் எழுதுகிறேன். காகிதத்தில் நான் சொல்வதற்கு நடுவே புகுந்து நீ "சரி சரி, சாப்பிட்டியா?" என்று கேட்க முடியாது.

"ஏப்ரல்ல மலைக்கு நடக்கப் போறேன்டி. இவரோட தங்கச்சியும் கூட வரா" என்றாய். பல் டாக்டரிடம் போகிறேன் என்பது போல. நான் பேசாமல் இருந்ததும் "லைன்ல இருக்கியா?" என்றாய். இருந்தேன். நாம் நடந்த ஒன்பது நாளும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து போய்க்கொண்டிருந்தது.

நீ மறந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் இதை எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நாம் அங்கே போனது வேண்டுதலுக்காக அல்ல. அம்மா படுக்கையில் இருந்த எட்டு மாதமும் நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். நீ கடைசி நாளன்று பெட்டியோடு வந்து இறங்கினாய். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நமக்குள் பேச்சில்லை. அத்தான்தான் இரண்டு பேர் பெயரையும் யாத்திரைக்கு எழுதிக் கொடுத்து நம்மைத் தள்ளிவிட்டார். முதல் எட்டு நாள் செருப்பு, தண்ணீர், நிழல் இந்த மூன்றைத் தவிர எதைப் பற்றியும் நாம் பேசவில்லை. ஒன்பதாம் நாள் அடிவாரத்தில், எல்லோரையும் போல நாமும் மூட்டை மாற்றிக்கொண்டோம். கடைசி ஏற்றத்தில் அவரவர் மூட்டையை அவரவர் சுமக்கக் கூடாது, கூட வந்தவருடையதைத்தான் சுமக்க வேண்டும். உன் மூட்டையில் நான்கு படுக்கை விரிப்புகள் இருந்தன. யாத்திரைக்கு நான்கு விரிப்பு கொண்டுவந்த ஒரே பெண் உலகத்தில் நீயாகத்தான் இருப்பாய். உன்னைத் திட்டிக்கொண்டே ஏறினேன். மூன்றாவது வளைவில், காற்று சட்டென்று நின்ற இடத்தில், திட்டு தீர்ந்துவிட்டது. உள்ளே தேடிப் பார்த்தேன், இல்லை. கோபம் இருந்த இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் நீ அழுதுகொண்டிருந்தாய். "உனக்குமா அக்கா?" என்றேன். "ஆமா" என்றாய்.

எனக்கு நடந்தது என்று சொல்லிக்கொள்ள என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் படித்தது.

காது பரிசோதனை நிலையத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கண்ணாடி அறைக்குள் ஒருவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வோம். ஒலிகளைச் சீரான இடைவெளியில் தரக் கூடாது. தந்தால் காது வேலை செய்யாது, எதிர்பார்ப்புதான் வேலை செய்யும். ஒன்றுமே ஒலிக்காத நொடியிலும் விரல் தானாக அழுத்திவிடும். நீ அந்த மூன்றாவது வளைவுக்கு மறுபடி போகிறாய். அங்கே என்ன வர வேண்டும் என்று உனக்கு முன்கூட்டியே தெரியும். வராது, அக்கா. நீ அழுத்துவாய், அவ்வளவுதான். பிறகு முதல் தடவையும் அப்படித்தானோ என்று சந்தேகம் வரும். இருக்கிற ஒன்றும் போய்விடும்.

இதையெல்லாம் உன் நன்மைக்காகத்தான் எழுதுகிறேன் என்று முடித்திருப்பேன். ஆனால் உன் நாத்தனார் விஷயம் இருக்கிறது. நீச்சல் குளக்கரையில் நின்று நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதுகிற ஒருத்திக்கு அந்த ஏற்றத்தில் என்ன வேலை? உன் வீட்டுக்கு வரும்போதும் அவள் கழுத்தில் அது தொங்குகிறது. அந்த விசில் உன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நம் வளைவில் திரும்புவதை நான் நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருந்திருக்கலாம்.

போகாதே.

தங்கை

*

மார்ச் 11, செவ்வாய்

பொடிசுக்கு,

உன் கடிதம் ஹோட்டல் முகவரிக்கு வந்தது. வீட்டுக்கு அனுப்பினால் அத்தான் பார்த்துவிடுவார் என்றா? அவர் தன் பெயருக்கு வரும் கடிதத்தையே பிரிப்பதில்லை.

சலவை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டாவது உலர்த்தி இன்று காலையிலிருந்து முனகுகிறது, அதனால் கையெழுத்து ஆடினால் மேசை ஆடுகிறது என்று எடுத்துக்கொள். நான் தினமும் முந்நூறு விரிப்பு மடிக்கிறேன். நேற்றும் மடித்தேன், நாளையும் மடிப்பேன். ஒன்றைத் திரும்பச் செய்வது பற்றி நீ எனக்கு வகுப்பு எடுக்காதே. எனக்கு அதில் பதினேழு வருட அனுபவம்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படாதே, நல்ல எண்ணத்தில்தான். அந்த விசில் பகுதி வந்ததும் முழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். அவள் என் தோள் மேலாக எட்டிப் படித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, உங்க தங்கச்சிக்கு என்மேல இவ்ளோ பாசமா? நேர்ல பாத்தா 'வாங்க, போங்க'ன்னு ரெண்டு வார்த்தைதான் பேசுவாங்க!" என்றாள். இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அவளை விசில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தான்கூட. பெயர் வைத்த புண்ணியம் உனக்கு.

அவள் நல்லவள், பொடிசு. சத்தம் அதிகம், அவ்வளவுதான். தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நிற்கிற பிள்ளைகளை இறங்கவைக்கிற வேலை அவளுடையது. சத்தம் இல்லாமல் எப்படி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயும் வா. மூன்று பேராகப் போவோம். உனக்கு விடுப்பு பாக்கி இருக்கிறது என்று நீயே சொன்னாய். அவளும் "கூப்பிடுங்க அண்ணி, அவங்க வந்தா நான் வாயத் திறக்காம நடக்கறேன்" என்கிறாள். ஒன்பது நாள் அவள் வாயைத் திறக்காமல் நடப்பதைப் பார்க்கவாவது வா.

சாப்பிட்டாயா?

அக்கா

*

மார்ச் 17, திங்கள்

அக்கா,

என் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினாய்.

இந்த ஒரு வரியோடு நிறுத்தி அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். பக்கத்து மேசைக்காரி "என்னப்பா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு என்ன நடந்தாலும் நான் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் மட்டும்தான் அப்படிச் சொல்வதில்லை. அதை நீ எடுத்துக்கொண்டு போய் வீட்டு நடுக்கூடத்தில் வைத்துவிட்டாய். அவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள்.

அவள் தோள் மேலாக எட்டிப் படித்தாள் என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தோள்? இடதா, வலதா? இது என்ன கேள்வி என்று எனக்கே புரிகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை. சின்ன வயதில் நீ வீட்டுப்பாடம் எழுதும்போது நான் உன் இடது தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நிற்பேன். "தள்ளுடி, கனக்குது" என்பாய். தள்ள மாட்டாய்.

நான் வர மாட்டேன். மூன்று பேர் எப்படி மூட்டை மாற்றிக்கொள்வது? நான் உன்னுடையதை, நீ அவளுடையதை, அவள் என்னுடையதை என்று வட்டமாகவா? அவள் என்னுடையதைத் தொட வேண்டாம்.

நீ போவது என்று முடிவு செய்துவிட்டால் எனக்கு இரண்டு விஷயம் மட்டும் செய். ஒன்று, மூன்றாவது வளைவில் நிற்காதே. நின்று, "இங்கதான் எனக்கும் என் தங்கச்சிக்கும் அது நடந்துச்சு" என்று அவளுக்குக் கை நீட்டிக் காட்டாதே. அது சுற்றுலா இடமில்லை. இரண்டு, அடிவார விடுதியில் தங்காதே. கொஞ்சம் தள்ளிச் சாலையோரத்தில் வேறு இடங்கள் வந்திருக்கின்றன. பழைய விடுதியில் மூட்டைப்பூச்சி என்று கேள்விப்பட்டேன். உனக்குத் தோல் ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உனக்கு எதற்கு இந்த இரண்டாவது தடவை? முதல் தடவை கிடைத்தது போதாதா? எனக்கு அது ஆறு வருடமாகப் போதுமானதாக இருக்கிறது.

தங்கை

*

மார்ச் 24, திங்கள்

பொடிசு,

மூட்டைப்பூச்சியா? நாம் போனபோது இல்லையே. யார் சொன்னது?

அது கிடக்கட்டும். கடிதத்தைப் படித்துக் காட்டியது தப்புதான். இனி காட்ட மாட்டேன். இதை யாரும் இல்லாத நேரத்தில், இஸ்திரி மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுத மாட்டேன் போலிருக்கிறது.

எதற்கு இரண்டாவது தடவை என்று கேட்டாய். எனக்கு இது இரண்டாவது தடவை இல்லை.

அன்றைக்கு மூன்றாவது வளைவில் என் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. அதனால்தான் அழுதேன். செருப்புக்குள் ஈரமாக இருந்தது, அது ரத்தமா வியர்வையா என்று குனிந்து பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீ திரும்பினாய். உன் முகத்தை அதற்கு முன்னால் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எட்டு மாதம் தூங்காத முகம் ஒன்று உண்டே, அம்மாவின் தலைமாட்டில் நான் வந்து பார்த்தது, அது போய்விட்டிருந்தது. "உனக்குமா அக்கா?" என்றாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு, செருப்பு தண்ணீர் நிழல் அல்லாமல் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன், சொல்லு? ஆமாம் என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். குதிகால் வலியோடு நானும் கட்டிக்கொண்டேன்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. உன் மூட்டையில் மூன்று புத்தகம் இருந்தது, விளிம்பு முதுகில் குத்தியது. அவ்வளவுதான் எனக்கு அந்த ஏற்றத்தில் கிடைத்தது.

நான் அங்கே வந்தது உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு. எட்டு நாளும் வாய் வரை வந்து திரும்பிப் போனது. ஒன்பதாம் நாள் உச்சியில் கேட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். நீ நடு வழியிலேயே மன்னித்துவிட்டாய். கேட்காமலே கொடுத்துவிட்டதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து நீயே வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆறு வருடமாக நீ போனில் அந்த வளைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்பேன். வைத்த பிறகு எனக்கு வயிறு எரியும். தங்கை மேல் பொறாமை. இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதை முதலில் விசிலிடம்தான் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவள்தான் ஒரு நாள் துணி காயப்போடும்போது நேராகக் கேட்டாள். "அண்ணி, அந்த மலைக் கதைய எத்தன தடவ சொல்லிட்டீங்க. எல்லாத் தடவையும் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னுதான் சொல்றீங்க. உங்களுக்கு என்ன ஆச்சு?" இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. நீ கேட்டது "உனக்குமா?" என்று. அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. அவளிடம் சொன்னேன். வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள். பிறகு "அப்போ வாங்க, ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். சந்தைக்குப் போகிற மாதிரி.

ஏப்ரல் ஒன்றாம் தேதி கிளம்புகிறோம்.

அக்கா

*

மார்ச் 28, வெள்ளி

அக்காவுக்கு,

நேற்று ஒரு பெரியவர் வந்திருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஒலியை அனுப்பினேன், அழுத்தினார். அனுப்பாமல் என் கை பலகையில் சும்மா இருந்தபோதும் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கதவைத் திறந்து, "ஐயா, கேட்டா மட்டும் அழுத்துங்க" என்றேன். "நீ இவ்ளோ கஷ்டப்பட்டு அனுப்பறியேம்மா, நான் அழுத்தலைன்னா உனக்கு வருத்தமா இருக்காதா?" என்றார். வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டேன்.

ஆறு வருடம். நீ எத்தனை முறை ஆமாம் என்றாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் நினைவு நாளன்று. எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று. எனக்குக் காய்ச்சல் வந்து நீ கிளம்பி வருவதாகச் சொன்ன அன்று, "வராதே, நமக்கு அந்த வளைவு இருக்கு, போதும்" என்றேன். ஆமாம் என்றாய். வந்திருக்கலாம் நீ.

எனக்கு நடந்தது உண்மைதான். நீ இல்லாவிட்டாலும் உண்மைதான். இப்படி எழுதிப் பார்த்தேன். ஆனால் ஒருத்தி மட்டும் பார்த்ததை அவள் பார்த்தாள் என்று யார் சொல்வது?

அவளிடம் முதலில் சொன்னாய். கேட்கத் தெரிந்தவள் கேட்டாள், சொன்னாய். எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் நேற்று வரை அற்பமானது, வெட்கப்படும்படியானது. இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நன்றாக வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

போய் வா. இடது காலுக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள். அந்த விடுதியில் மட்டும் தங்காதே. இது ஒன்றையாவது எனக்காகச் செய்.

தங்கை

*

ஏப்ரல் 8, செவ்வாய், மாலை
அடிவார விடுதி

பொடிசு,

மூட்டைப்பூச்சி ஒன்றுகூட இல்லை. விரிப்பைத் தூக்கி, மெத்தையைப் புரட்டி, தையல் ஓரமெல்லாம் பார்த்துவிட்டேன். இந்த வேலையை என்னைவிட யாருக்குச் செய்யத் தெரியும்?

சாலையோரத்து இடங்கள் நிரம்பிவிட்டன. அதனால்தான் இங்கே வந்தோம். நீ சொன்னதை மீற வேண்டும் என்றில்லை.

முன்னறையில் அதே நீளமான மேசை. விடுதிக்காரர்தான் புதியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற மனிதர். வந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். என் பெயரைச் சொன்னேன். விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒரு அட்டையை உருவினார்.

"அட, மூணாவது தடவையா! மூணாவது தடவ வர்றவங்களுக்கு மாடி ரூம்மா. காத்து நல்லா வரும்."

"ரெண்டாவதுங்க" என்றேன்.

"இல்லையே, இதோ இருக்கே. ஆறு வருஷம் முன்னாடி ஒண்ணு, அதுக்கு அடுத்த வருஷம் ஒண்ணு. தங்கச்சிகூட வந்திருக்கீங்க, ரெண்டு தடவையும்."

சந்தேகம் தீர்க்கிறேன் என்று பழைய பதிவேட்டை எடுத்து வந்து, அந்த அடுத்த வருடத்துப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். இறங்கி வந்த பிறகு எழுதுவோமே, அந்தப் பதிவேடு. முதல் கட்டத்தில் உன் பெயர். பக்கத்தில், "மூட்டை மாற்றிக்கொண்டவர்" என்ற கட்டத்தில், என் பெயர். உன் கையெழுத்தில். அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாய். கடைசிச் சுழியை நான் அப்படி மேலே இழுக்க மாட்டேன்.

அந்த ஏப்ரலில் நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று யோசித்தேன். பயிற்சி வகுப்பு, பத்து நாள் போன் எடுக்க முடியாது என்றாய். வந்த பிறகு "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஏற்கெனவே தெரிஞ்சதுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாய்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "கொஞ்சம் சீக்கிரம்மா, கால் வலிக்குது" என்றார். விசில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, எங்கிட்ட ஒரு தடவன்னுதானே சொன்னீங்க?" என்றாள். நான் விடுதிக்காரரிடம், "ஆமாங்க, மறந்தே போச்சு, மூணாவதுதான்" என்றேன். உனக்காக இன்னொரு ஆமாம். இது மட்டும் வாயில் கனக்கவே இல்லை.

அவள் என் மூட்டையையும் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பது நாள் நீ தனியாக நடந்திருக்கிறாய். நிழல் எங்கே என்று சொல்ல ஆளில்லாமல். மலை ஏறி, இறங்கி, இங்கே வந்து நின்று, அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாமல் என் பெயரை எழுதியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். அப்போது வந்தது, பொடிசு. மலையில் இல்லை, மூன்றாவது வளைவில் இல்லை. செருப்புக் குவியலுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில், ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருந்த இடத்தில். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கால் வலிக்குது என்று சொன்ன மனிதர், "கொப்புளமாம்மா? எங்கிட்ட பிளாஸ்டர் இருக்கு" என்றார். வாங்கிக்கொண்டேன்.

நீ என்னை ஏன் போகாதே என்றாய் என்று இப்போது தெரிகிறது. இரண்டாவது தடவை உனக்கு அது வரவில்லை. எனக்கும் அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்தாய்.

அப்புறம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெட்டி கட்டினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரித்தேன். அத்தான் டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தார் ஒரு முறை. அம்மாவை அந்த நிலையில் பார்க்கப் பயமாக இருந்தது. வேலை இருந்தது, உலர்த்தி பழுது என்று நான் சொன்னதெல்லாம் அதற்கு மேல் போர்த்திய துணி. நீ சின்னவள், உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் பயந்து நின்றேன். என்னை மன்னித்துவிடு. இந்த முறை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. நான் கொஞ்சம் காத்து நிற்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று ஏறி இறங்கினோம். நானும் அவளும் மூட்டை மாற்றிக்கொண்டோம். மேலே என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன். முதல் தடவை நடந்ததை நாம் பேசிப் பேசியே தேய்த்துவிட்டோம். இது எனக்கும் அவளுக்கும் இருக்கட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 17, வியாழன்

அக்கா,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய், மதிய இடைவேளையில் காலியாக இருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து படித்தேன். அங்கே வெளிச் சத்தம் எதுவும் வராது. நம் மூச்சு நமக்கே கேட்கும். பக்கத்து மேசைக்காரி வெளியிலிருந்து தட்டி, "உனக்கு டெஸ்ட் எடுக்கணுமா?" என்று சைகையில் கேட்டாள்.

ஆமாம், போனேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அந்த விடுதி வேண்டாம் என்றேன். மூட்டைப்பூச்சியைவிட நல்லதாக ஏதாவது யோசித்திருக்கலாம்.

எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். அதே மாதம், அதே செருப்பு. மூட்டையில் நான்கு விரிப்புகள் வைத்துக் கட்டினேன், கனம் சரியாக இருக்க வேண்டும் என்று. அடிவாரத்தில் ஒரு அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். "வாம்மா, நாம ரெண்டு பேரும் மாத்திக்கலாம்" என்றார். "எங்க அக்கா பின்னால வராங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வேறு ஆள் தேடப் போனார். நான் என் மூட்டையை நானே சுமந்துகொண்டு ஏறினேன். மூன்றாவது வளைவில் காற்றுகூட நின்றது, அக்கா. எல்லாம் வந்தது. அது மட்டும் வரவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு குடும்பம், பழம் உரித்துக்கொண்டு வந்தார்கள். "உனக்குமா?" என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் என்ன இருந்தது கேட்பதற்கு?

ஒன்றை இரண்டாவது முறை செய்ய முடியாது என்று அதற்குப் பிறகு ஐந்து வருடமாக எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். நிறைய புத்தகங்கள் உதவி செய்தன.

அவசரப்படாதே என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமை கட்டினேன், திங்கட்கிழமை பிரித்தேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வளைவில் துடைத்துவிட்டதாக நான் நினைத்த அதே கோபம். முழுசாக, ஒரு துளி குறையாமல். முப்பத்துநான்கு வெள்ளிக்கிழமை என்று விரல் விட்டு எண்ணினேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒவ்வொன்றாக எழுதி உனக்கு அனுப்ப வேண்டும் போலிருந்தது. ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். அதை இதோடு வைக்கிறேன். கிழித்துவிட நினைத்தேன், நீ நிற்க வேண்டும் என்று கேட்டதால் கிழிக்கவில்லை. படி.

ஆக, அன்றைக்குப் போன கோபம் முழுதாகப் போகவில்லை. மறுபடி போக வேண்டியிருக்கிறது. ஒரு தடவையில் தீர்ந்துவிடும் என்று யார் நமக்குச் சொன்னார்கள்? எனக்கு நடந்ததை ஒரே முறை நடப்பது என்று நான்தான் பூட்டிவைத்தேன். பூட்டினால்தானே யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

நீ நேரில் வந்து கேள். இங்கே, இந்த ஊரில், என் வீட்டில். மலை வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமையா அடுத்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. பெட்டி கட்டினால் வண்டி ஏறு. அப்போது கொடுப்பேனா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதாகத்தான் இருக்கிறது, எழுதும்போது கை லேசாக இருக்கிறது.

மேலே உங்கள் இருவருக்கும் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த வரியை மூன்று முறை எழுதி அடித்தேன், மூன்று முறையும் கடைசியில் ஒரு கேள்விக்குறி வந்து நின்றது. இரவெல்லாம் வயிறு எரிந்தது என்று சொன்னால் சந்தோஷப்படுவாய். எரிந்தது.

இதோடு ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. உன் நாத்தனாருக்கு. தனியாக அனுப்பியிருக்கலாம், வேண்டுமென்றேதான் உன் கையில் கொடுக்கிறேன். அவளிடம் கொடுத்துவிடு, பிரிக்காதே. ஆவியில் காட்டி ஒட்டுப் பிரிக்கிற வித்தையெல்லாம் வேண்டாம், உன் சலவை அறையில் அதற்குப் பஞ்சமில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அவள் படிக்கும்போது நீ பக்கத்தில் துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பாய். அவள் ஒரு இடத்தில் சிரிப்பாள், ஒரு இடத்தைத் திரும்பப் படிப்பாள். எதற்கு என்று உனக்குத் தெரியாது.

தங்கை